ஸ்காவுக்கு மேல் ஒரு கோடு

சாலையோரப் பெயர்ப்பலகையில் 'செயின்ட் ஆர்ன்வெல்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அதை அப்படியே படித்துச் சொல்கிற ஆள் வெளியூர். உள்ளூர் வாயில் அது 'டார்னல்'. செயின்ட்டின் கடைசி 'ட்'டை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை எந்தத் தலைமுறையோ விழுங்கிவிட்டது. பஸ்ஸில் யாராவது, "செயின்ட் ஆர்ன்வெல் ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் கேட்டால் முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரைக்கும் ஒரு நமட்டுச் சிரிப்பு ஓடும். முந்நூறு பேர் இருக்கிற ஊருக்கு இவ்வளவு கர்வம் கொஞ்சம் அதிகம்தான்.

கர்வத்துக்குக் காரணம் புனித ஆர்ன்வெல். இங்கிலாந்தில் வேறெந்த ஊருக்கும் கிடைக்காத புனிதை. கெட்ட ராஜா ஒருத்தன் துரத்த, ஓடிவந்த கன்னிப்பெண் இந்த மேட்டடியில் விழுந்தாளாம். விழுந்த இடத்தில் ஊற்று கிளம்பியதாம். அந்த ஊற்றுக்குக் கல் கட்டி, படி வைத்து, மேலே சின்னக் கூரையும் போட்டிருக்கிறார்கள். ஜூலை கடைசி ஞாயிறு அவள் திருநாள். அன்றைக்கு ஊரில் கடைசியாகப் பிறந்த குழந்தையை அங்கே தூக்கிப் போய், வெள்ளிக் கரண்டியால் மூன்று கரண்டித் தண்ணீர் வாயில் விடுவது வழக்கம். குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் அதே மூன்று கரண்டிதான், காலையும் மாலையும்.

அந்த வருஷம், 1971-இல், திருநாள் மலருக்கு ஊர்ப் பெயரின் வரலாற்றை ஒரு பக்கம் எழுதித் தரும்படி போதகர் லாம்பர்ட் எட்னா டிம்ஸைக் கேட்டுக்கொண்டார். எட்னா அறுபது வயது டார்னல்காரி. அப்பா பிக்கன்ஸ் பண்ணையில் மாடு மேய்த்தவர், கணவர் ஹோரஸ் ரயில்வேயில் போர்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்னாவின் கையெழுத்து அழகு, தேவாலயத்துக்குப் பூ வைப்பதும் அவள்தான். ஆகவே போதகர் கேட்டதில் ஆச்சரியமில்லை. அவள் உடனே ஒப்புக்கொண்டதற்கு மட்டும் வேறு காரணம் இருந்தது.

காரணத்தின் பெயர் சிரில். 1934 ஆகஸ்டில் ஏழு மாதக் குழந்தை. வயிற்றுப்போக்கு கண்டு துவண்டுபோனான். டவுனிலிருந்து டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஊர் வழக்கப்படி எட்னா மூன்று கரண்டித் தண்ணீரில் இறங்கினாள். ஹோரஸ் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ஒரு தகரக் கேனில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவருவார். ஒன்பது நாள் கொடுத்தாள். பத்தாம் நாள் விடிந்தபோது சிரில் இல்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தையும் இல்லை.

அப்போதைய போதகர் குழிமேட்டில் நின்று சொன்னார்: "புனித ஆர்ன்வெல் இந்தக் குழந்தையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள்." எட்னா அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தேழு வருஷமாக அதை விடவில்லை. ராத்தூக்கம், சாப்பாடு, அடுத்த வீட்டுக் குழந்தையைக் கொஞ்சுவது எல்லாமே அந்த மடி இருக்கிறது என்ற தைரியத்தில்தான். அது போனால் அவளுக்கு நிற்க இடம் கிடையாது.

ஹோரஸ் விஷயம் வேறு. மகனைப் புதைத்த நாளிலிருந்து அவர் தேவாலயத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் வாளியும் தேய்ப்பானுமாக ஊற்றடிக்குப் போய் பாசி தேய்த்து, சருகு அள்ளி, படி கழுவிவிட்டு வருவார். மழையானாலும் பனியானாலும் தவறாது. சாராயக்கடையில் கிண்டல் செய்வார்கள்: "ஹோரஸ், கட்டின பொண்டாட்டிக்கு இப்படி ஒரு நாள் முதுகு தேய்ச்சிருப்பியா?" அவர் பீர் கோப்பையைப் பார்த்தபடி, "அவ கேட்டதில்லையே" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

செவ்வாய்க்கிழமை காலை எட்னா நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தோடு பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். ஆவணக் காப்பகத்தில் மிஸ் ஹாலட் என்ற பெண் காத்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். குட்டைப் பாவாடை, விரலெல்லாம் பென்சில் கரி.

"வாங்க வாங்க மிஸஸ் டிம்ஸ்! உங்க கடுதாசி வந்ததிலேருந்து எனக்கு வேற வேலையே ஓடல. ஊர்ப்பேரைப் பத்தித் தடி தடியா புஸ்தகம் போட்டவங்க இருக்காங்க. ஒருத்தர்கூட இதைக் கவனிக்கல, தெரியுமா? முதல்ல உக்காருங்க."

மேசைமேல் பழைய தாள்களும் தோல் ஏடுகளும் வரிசையாக இருந்தன. மிஸ் ஹாலட் பின்னோக்கிக் காட்டிக்கொண்டு போனாள். 1780 நில வரைபடத்தில் 'டார்னெல்'. 1611-இல் 'எஸ். ஆர்னல்'. 1420-இல் ஒரு கம்பளி வியாபாரியின் உயிலில் 'செய்ன்ட் ஆர்னெவெல்'. 1297-இல் பிஷப்பின் பதிவேட்டில் லத்தீனில் எஸ், சி, ஏ என்று மூன்று எழுத்து, அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'ஆர்னெவெல்லெ'. எட்னா ஒவ்வொன்றையும் மணி மணியாக நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுநூறு வருஷத்துக்கு முந்தியும் அவள் இருந்திருக்கிறாள் என்று மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி சரியாக ஒரு நிமிஷம் இருந்தது.

"இப்ப இதைப் படிங்க. அந்தப் பதிவேட்டுக்கும் நூத்தம்பது வருஷம் முந்தினது. மடத்து நிலப் பத்திரம்."

எட்னா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலால் எழுத்துக் கூட்டினாள். "எஸ், சி, ஏ, ஆர், என்... ஸ்கார்னெவெல்லெ."

"ஆங்! ஒரே வார்த்தை. நடுவுல இடைவெளி இருக்கா? இல்ல. 1086 கணக்கெடுப்புலயும் இதே மாதிரி ஒரே வார்த்தைதான்."

"செயின்ட் எங்கேம்மா?"

"அதானே! செயின்ட்டே இல்ல!" மிஸ் ஹாலட் கைகொட்டாத குறை. "லத்தீன்ல புனிதைக்கு சாங்க்தா. முழுசா எழுத சோம்பல்பட்டுக்கிட்டு எஸ், சி, ஏன்னு ஸ்கா போட்டு மேல ஒரு கோடு இழுப்பாங்க. இப்ப இந்தப் பத்திரத்துல மேல் வரியைப் பாருங்க. ஒரு எழுத்தோட வால் நீண்டு வந்து, சரியா நம்ம ஸ்காவுக்கு மேல படுத்திருக்கு. பிஷப் ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தன் இதைப் பார்த்துப் பிரதி எடுக்கிறான். வாலைக் கோடுன்னு நினைச்சிட்டான். ஸ்காவைச் சாங்க்தான்னு பிரிச்சிட்டான். மிச்சம் என்ன? 'ர்னெவெல்லெ'. அப்படி ஒரு பேரை வாயால சொல்ல முடியுமா? பாவம், தன் பங்குக்கு முன்னால ஒரு எழுத்தைச் சேர்த்தான். ஆர்னெவெல்லெ! ஆள் பொறந்தாச்சு."

திருகுமேடு என்ற ஊர்ப் பெயரை ஒருத்தர் 'திரு. குமேடு' என்று பிரித்துப் படித்து, குமேடு என்கிற மகானுக்கு ஊரே சேர்ந்து கோவில் கட்டி, வருஷா வருஷம் தேர் இழுத்தால் எப்படியிருக்கும்? டார்னலில் நடந்தது அதுதான். எட்னாவுக்கு அது உடனே உறைக்கவில்லை.

"அப்ப... அந்த ராஜா? துரத்திட்டு வந்தது? அவ விழுந்தது?"

"அதெல்லாம் பின்னால கட்டினது மிஸஸ் டிம்ஸ். பேர் வந்துட்டா கதை வேணும்ல? முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கதையை யாரும் எழுதினதாவே தெரியல."

எட்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பென்சிலை நோட்டின் மேல் வைத்தாள். அது உருண்டு தரையில் விழுந்ததைக் கூட அவள் எடுக்கவில்லை. யாருடைய மடி? யார் எடுத்துக்கொண்டது? குமாஸ்தா சேர்த்த ஒரு எழுத்தின் மடியிலா என் பிள்ளை முப்பத்தேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறான்? ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டாள்.

"ஸ்கார்ன்னா என்ன அர்த்தம்?"

மிஸ் ஹாலட் முகம் லேசாகச் சிவந்தது. "வெல்னா ஊற்று, அது உங்களுக்கே தெரியும். முதல் பாதி கொஞ்சம் ஒரு மாதிரி வார்த்தை. பழைய இங்கிலீஷ். எஸ்ஸும் சியும் சேர்ந்தா 'ஷ'ன்னு சொல்லணும். ஷார்ன். அதாவது, வந்து, மாடு போடுமே..."

"ஷார்ன் எனக்குத் தெரியும்" என்றாள் எட்னா.

யாரும் அவளுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தினமும் சாயங்காலம் அம்மா அப்பாவைப் பார்த்துக் கத்துவாள்: "ஷார்ன் பூட்ஸோட உள்ள வந்தே, காலை ஒடிச்சுப்புடுவேன்!" புத்தகத்தில் செத்துப்போன வார்த்தை டார்னலின் மாட்டுக் கொட்டகைகளில் சாகாமல் கிடந்தது. சாணி ஊற்று. கன்னிப்பெண் விழுந்த இடத்துக்கு உண்மையான பெயர் சாணி ஊற்று.

"இன்னும் சொல்றீங்களா அந்த வார்த்தையை? ஐயோ, இருங்க, எழுதிக்கறேன்!" மிஸ் ஹாலட் சீட்டுத் தேடினாள். எழுதிக்கொண்டே, வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்: "அந்தக் காலத்து ஆளுங்க பேரை அழகுக்கு வைக்கல மிஸஸ் டிம்ஸ். அடையாளத்துக்கு வச்சாங்க. இங்க சேறு, பார்த்துப் போ. இந்தத் தண்ணி ஆகாது, குடிக்காதே. பேரே ஒரு எச்சரிக்கைப் பலகை மாதிரிதான்."

அந்தப் பெண் இன்னும் ஏதேதோ பேசினாள், தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். எட்னா எழுந்து, வழியைத் தவறாகப் பிடித்து ஒரு அலமாரிக் கதவைத் திறந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் கணக்கு தானாக ஓடியது. காலையில் மூன்று, மாலையில் மூன்று. ஒன்பது நாள். ஐம்பத்து நான்கு கரண்டி. பிக்கன்ஸ் பண்ணையின் மாட்டுத்தொழுவம் ஊற்றுக்கு நேர் மேலே, மேட்டில் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருந்தது. அப்பா தொழுவத்தைக் கழுவி விடும்போது பழுப்பாக ஓடுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று சின்ன வயதில் அவள் கேட்டதேயில்லை. பூமி குடித்துவிடும் என்று நினைத்திருந்தாள். பூமி அதை ஊற்றிடம் கொடுத்தது. ஊற்று கேனிடம் கொடுத்தது. மிச்சத்தை அவள் தன் கையால் செய்தாள். சிரில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவள் தாடையைப் பிடித்துத் திறந்து ஊற்றுவாள், 'குடிடா ராசா, குடிச்சா சரியாயிடும்' என்று.

ஊர்ப் பெயரே வேண்டாம் வேண்டாம் என்று தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே கத்தியிருக்கிறது. ஒரு முட்டாள் குமாஸ்தா அதன் வாயைப் பொத்தி, நெற்றியில் ஒரு கோட்டைப் போட்டு, வா வந்து குடி என்று சொல்ல வைத்துவிட்டான்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அடுத்த வீட்டு ஷீலா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். தபால்காரனின் மனைவி. இரண்டு மாதப் பெண் குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள்.

"ஆன்ட்டி எட்னா! ஞாயித்துக்கிழமை நீங்கதான் பாப்பாவைத் தூக்கிட்டு வரணும், சொல்லிட்டேன். மூணு கரண்டி இவளுக்குத்தான். எங்க மாமியார் புதுச் சட்டையே தைச்சாச்சு."

எட்னா குழந்தையின் வாயைப் பார்த்தாள். எச்சில் குமிழ் ஒன்று ஊதி உடைந்தது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி வர்றே?" என்றார் ஹோரஸ்.

"பஸ்ல தலைவலி."

அன்றைக்கு அதற்குமேல் அவளால் முடியவில்லை. தண்ணீர் கொண்டுவந்தது அவர். இந்தச் செய்தியைச் சொன்னால் பழியில் பாதி அவர் கையிலும் ஒட்டும். அறுபத்து நாலு வயது மனுஷன் தாங்குவாரா? அவர் தன் கட்டிலில் குறட்டை விட, இவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் காலை போதகர் லாம்பர்ட்டின் வீட்டுக்குப் போனாள். ஆறு வருஷத்துக்கு முன் மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர்தான், விழா என்றால் கொஞ்சம் தலைகால் புரியாது. எட்னா நோட்டைத் திறந்து ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தாள். போதகரின் கையில் இருந்த பிஸ்கட் பாதி ஊறி தேநீருக்குள் விழுந்தது.

"சாணியா?"

"ஆமா போதகரய்யா."

"மாட்டுச் சாணியா?"

"வேற சாணி எனக்குத் தெரியாது."

போதகர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மிஸஸ் டிம்ஸ், ஞாயிற்றுக்கிழமை பிஷப் வர்றார். சர்ச் ஜன்னல் கண்ணாடியில ஒரு அம்மா குடத்தோட ஓவியமா நிக்கறாங்க. அவங்களை நான் என்னன்னு சொல்றது?" கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது. "ஒண்ணு பண்ணலாம். பட்டியலை 1297-லிருந்து ஆரம்பிங்க. அதுக்கு முந்தி எதுவும் எழுத வேண்டாம். பொய் இல்லையே? அதுக்கப்புறம் வந்தது எல்லாம் நிஜம்தானே?"

"பேரை விடுங்க. தண்ணி? ஷீலாவோட பாப்பாவுக்கு மூணு கரண்டி குடுக்கப் போறீங்களே?"

"எத்தனை நூற்றாண்டா குடுக்கறாங்க! யாருக்கு என்ன ஆயிடுச்சு சொல்லுங்க?"

"எம் புள்ளை செத்துப்போனான்."

ஆறு வருஷத்தில் ஒரு தடவையும் எட்னா அவரிடம் சிரிலைப் பற்றிப் பேசியதில்லை. பேசவேண்டிய அவசியம் இருந்ததில்லை, பையன் பத்திரமான இடத்தில் இருந்தான். இப்போது அந்த வார்த்தைகள் அறையில் கிடந்தன. யாருக்கும் அவற்றை எங்கே எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் போதகர் மெதுவாக, "தண்ணியைப் பரிசோதனைக்கு அனுப்பறேன். ஞாயித்துக்கிழமை கரண்டி வேண்டாம். நானே ஏதாவது சொல்லிக்கறேன்" என்றார். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவியின் காலடிச் சத்தம் நகர்ந்து போனது.

அந்தக் காலடி எட்னாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. விஷயம் மத்தியானத்துக்குள் கடைக்குப் போகும். தபால்காரன் பையில் ஏறி வீடு வீடாக இறங்கும். டிம்ஸ் தம்பதி தங்கள் பிள்ளைக்குச் சாணித் தண்ணீர் கொடுத்த கதையை ஹோரஸ் சாராயக்கடையில் யார் வாயிலிருந்தோ கேட்பார். அதற்கு முன்னால் அவள் சொல்லியாக வேண்டும்.

போகிற வழியில் ஷீலாவின் கதவைத் தட்டினாள். "அந்த ஊத்துத் தண்ணி பாப்பா வாயில படக்கூடாது. ஞாயித்துக்கிழமையும் சரி, எப்பவும் சரி. ஏன்னு நாளைக்குச் சொல்றேன்."

ஷீலாவுக்குக் கண் விரிந்தது. "என்ன ஆன்ட்டி, நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். நான்தான் சொல்லணும்."

சமையலறை மேசையில் ஹோரஸ் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தோல் குவியல், ஒரு பக்கம் கிண்ணம். எட்னா தொப்பியைக் கழற்றாமலேயே எதிரில் உட்கார்ந்தாள். சுற்றி வளைத்தால் சொல்லவே முடியாது என்று தெரிந்தது. பத்திரம், வால், கோடு, குமாஸ்தா, ஷார்ன் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

"தொழுவத்துக் கழிவு நேரா அதுலதான் இறங்குது, ஹோரஸ். டாக்டருக்குக் காரணம் தெரியல. நமக்குத் தெரிஞ்சிருக்கணும். ஊர்ப் பேர்லயே இருந்துச்சு. நான் ஐம்பத்து நாலு கரண்டி குடுத்தேன். எண்ணிப் பார்த்தேன். நீ தப்பு செய்யல. நான் கேட்டேன், நீ கொண்டாந்தே. அவ்வளவுதான். ஊத்தினது நான்."

ஹோரஸின் விரல்கள் ஒரு காயைப் பிளந்தபடி நின்றுவிட்டன.

"அவ இல்லையா?" என்றார்.

"யாரு?"

"அந்தப் பொண்ணு. ஆர்ன்வெல். நிஜமாவே அப்படி ஒருத்தி இல்லவே இல்லையா?"

"இல்லைன்னுதானே சொல்றேன்."

"நல்லாத் தெரியுமா? அந்த டவுன் பொண்ணுக்கு நல்லாத் தெரியுமா?"

எட்னாவுக்கு ஆத்திரம் வந்தது. "நான் நம்ம புள்ளையைப் பத்திப் பேசறேன், நீ அவளைப் பத்தியே கேக்கறியே! உனக்குக் கோவிலா குளமா, நீ எப்ப அவளைக் கும்பிட்டே?"

ஹோரஸ் காயைக் கீழே வைத்தார்.

"நான் ஊத்துக்குப் போகவே இல்லை, எட்னா."

அவளுக்குப் புரியவில்லை. "எங்க போகல?"

"முதல் நாள் போனேன். பிக்கன்ஸோட காளை வழியை மறிச்சுக்கிட்டு நின்னுது. பயந்துட்டேன். இருபத்தேழு வயசு ஆம்பளை, ஒரு மாட்டுக்குப் பயந்து திரும்பி வந்துட்டேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? ஸ்டேஷனுக்கே போயி, ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் குழாய்ல கேனை நிரப்பிக் கொண்டாந்தேன். டவுன்லேருந்து வர்ற குழாய்த் தண்ணி. மறுநாள் காளை இல்ல. ஆனா ஒரு தடவை ஏமாத்தினப்புறம் ரெண்டாவது தடவை சுலபமா இருந்துச்சு. அலுப்பா வேற இருக்கும், ஒரு மைல் சுத்து. ஒன்பது நாளும் ஸ்டேஷன் தண்ணிதான்."

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒரு சொட்டுகூட அவன் வாயில போகல."

எட்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை சட்டென்று நகர்ந்தது. நான் இல்லை. என் கை இல்லை. ஆனால் ஹோரஸ் இன்னும் முடிக்கவில்லை.

"அவன் போன அன்னைக்கு நினைச்சேன், அவளை ஏமாத்தினோம், அவ பழி வாங்கிட்டான்னு. குழிமேட்டுல நின்னு அந்தப் போதகர், அவ தன் மடிக்கு எடுத்துக்கிட்டான்னு சொன்னாரே. நீ அழுதுகிட்டே தலையாட்டினே. ஏன் எடுத்துக்கிட்டான்னு அங்க எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். என்னால சர்ச்சுக்குள்ள வர முடியல. அந்த ஜன்னல்ல நின்னு என்னையே பார்ப்பா. அதான் சனிக்கிழமை சனிக்கிழமை போய் அவ படியைக் கழுவினேன். மன்னிச்சுட மாட்டாளான்னு."

எட்னா அவரையே பார்த்தாள். அதே வாக்கியம். அதே குழிமேடு. தோளோடு தோள் உரச நின்றிருந்தார்கள். அவளுக்கு அது மருந்தாக இறங்கிய அதே நேரத்தில் அவருக்குத் தீர்ப்பாக இறங்கியிருக்கிறது. முப்பத்தேழு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"அடப்பாவி மனுஷா!" என்று கத்தினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் அவளுக்கு வாராவாரம் பூ வச்சேனே! நன்றி சொல்லிச் சொல்லி வச்சேனே! பக்கத்துல நீ இப்படி வெந்துக்கிட்டு இருந்திருக்கியே!"

"எப்படிச் சொல்லுவேன்? உனக்கு அவதானே எல்லாம்."

கோபம் வந்த வேகத்தில் வடிந்துபோனது. கிண்ணத்தில் பட்டாணி பச்சையாகக் கிடந்தது. புனிதை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பழி வாங்கவும் இல்லை. சாணித் தண்ணீரும் இல்லை. இந்த வீட்டில் ஒரு சாவுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன, ஆளுக்கொன்றாக. இப்போது இரண்டும் போய்விட்டன. எட்னா கேட்டாள்.

"அப்ப அவன் ஏன் செத்தான், ஹோரஸ்?"

வாசலில் தபால்காரனின் சைக்கிள் வந்து நின்று மணியடித்தது. இருவரும் எழவில்லை. அது போய்விட்டது.

"தெரியல" என்றார். "சும்மாத்தான் போல, எட்னா. சும்மா செத்துப்போயிட்டான்."

எட்னா மேசையைச் சுற்றி வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் குழந்தை மாதிரி சத்தம் போட்டு அழுதார். அவளும் அழுதாள். சிரிலுக்காக அவர்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.